555 புத்தகமும் போலீஸ் பதிவும்: போதைச் சிகிச்சையால் குற்றம் குறைந்ததா என்பது குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்ட காலத்தில் லயங்களைக் காலி செய்த குடும்பங்கள் பல, நகரின் ஓரத்தில் இருந்த மலிவு விலை வீடுகளுக்குக் குடிவந்தன. அவற்றுள் ஒரு குடும்பத்தின் மூத்த மகனைப் பற்றியது இந்த ஆய்வு. அடையாளம் வெளிப்படாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவரைத் தம்பி என்றே குறிப்பிடுகிறேன்; தமிழ்ப்பள்ளியில் ஆசிரியராக இருந்தபோதும், பணி ஓய்வுக்குப் பின் அவருடைய குடும்பத்துக்குத் துணையாக கிளினிக்குக்கும் நீதிமன்றத்துக்கும் அலைந்தபோதும் அப்படித்தான் அழைத்து வந்தேன்.

போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை அளித்தால் குற்றம் குறையுமா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் ஆம் அல்லது இல்லை என்ற ஒற்றைச் சொல்லைத்தான் எதிர்பார்க்கிறார்கள். தம்பியின் பத்து ஆண்டுகளை அருகிலிருந்து பார்த்த பிறகு, எந்தச் சிகிச்சை, எந்தக் குற்றம், அதை யாருடைய கணக்கில் எழுதுகிறோம் என்ற மூன்றையும் முதலில் கேட்காமல் அந்தக் கேள்விக்கு விடை சொல்ல முடியாது என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன்.

கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். இந்த ஆய்வுக்கு என்னிடம் இரண்டு பதிவுகள் இருந்தன. ஒன்று, தம்பியின் கைதுகளும் வழக்குகளும் அடங்கிய விவரம். மற்றொன்று அவருடைய அம்மா வைத்திருந்த 555 புத்தகம். தோட்டத்து மளிகைக் கடையில் சம்பள நாள் வரை கடன் எழுதப் பயன்பட்ட அந்தக் கையடக்கப் புத்தகத்தைத் தெரியாதவர் நம்மில் குறைவு. அந்த அம்மா 2012 ஜனவரியிலிருந்து அதில் எழுதிவந்தது வேறு வகைக் கடன். வீட்டிலிருந்தோ அக்கம்பக்கத்திலிருந்தோ மகன் எடுத்துச் சென்ற பொருள் ஒவ்வொன்றும் தேதியுடன் அதில் இருக்கிறது. அண்டை வீட்டார் வந்து கேட்கும்போது பணம் கொடுத்துச் சமாளிக்க வேண்டியிருந்ததால் கணக்கு தேவைப்பட்டது என்றார். "கேஸ் தோம்பு 1." "எதிர்வீட்டு மோட்டார் பேட்டரி, 80 வெள்ளி கொடுத்தாச்சு." "ஒட்டுப்பால், அரை மூட்டை, பெரியவர் தோட்டத்தில்." "குத்துவிளக்கு, ஜோடியில் ஒன்று." ஜோடியில் மற்றொன்று இன்றும் அவர்கள் வீட்டுச் சாமி மேடையில் தனியாகத்தான் நிற்கிறது.

2012 ஜனவரி முதல் 2013 ஜூன் வரையிலான 18 மாதங்களில் அந்தப் புத்தகத்தில் 37 பதிவுகள் உள்ளன. அதே காலத்துக்குப் போலீஸ் பதிவில் இருப்பது ஒரேயொரு திருட்டு வழக்கு, தண்டனைச் சட்டத்தின் 379ஆம் பிரிவின்கீழ். மீதி 36க்கும் அம்மா பணம் கொடுத்துவிட்டார், அல்லது பொருளுக்கு உரியவர்கள் "நம்ம பிள்ளைதானே" என்று புகார் செய்யாமல் விட்டுவிட்டார்கள். சிகிச்சைக்கு முந்திய குற்றத்தைக் கைதுகளை வைத்து அளக்கும் எந்த ஆய்வும் தோட்டப்புறச் சமூகத்தில் இந்த அளவுக்குக் குறைத்தே எண்ணும்.

கியானும் கடிகாரமும்

தம்பி அப்போது பயன்படுத்தியது ஹெரோயின். உறிஞ்சுகுழாய்த் துண்டில் அடைத்து விற்கப்படுவது. ஹெரோயின் தரும் மயக்கம் சில மணி நேரமே நிற்கும். கடைசியாக எடுத்துக்கொண்டதிலிருந்து 6 முதல் 12 மணி நேரத்துக்குள் உடல் நோகத் தொடங்கும். மூக்கு ஒழுகும், வயிறு கலங்கும், எலும்புக்குள் குளிர் இறங்கும். இங்கே எல்லாரும் அதைக் கியான் என்கிறார்கள். கியான் வந்தவனுக்கு இன்பம் தேவையில்லை, அந்த வலி நின்றால் போதும். ஒரு நாளில் மூன்று நான்கு முறை அதற்குப் பணம் வேண்டும். 555 புத்தகத்தின் தேதிகளை வரிசைப்படுத்தியபோது, பதிவுகளில் பெரும்பகுதி மாதக் கடைசியில், அதாவது கூலிப்பணம் தீர்ந்து அடுத்த சம்பளம் வராத நாள்களில் விழுந்திருப்பதைக் கண்டேன். திருட்டுக்கு ஒரு கடிகாரம் இருந்தது.

1985இல் அமெரிக்க ஆய்வாளர் பால் கோல்ட்ஸ்டீன் போதைப்பொருளுக்கும் குற்றத்துக்கும் உள்ள தொடர்பை மூன்றாகப் பிரித்தார்: போதை ஏறிய நிலையில் நிகழும் வன்முறை, போதைக்குப் பணம் தேடும் குற்றம், போதை வணிகத்தோடு ஒட்டிப் பிறக்கும் குற்றம். தம்பியின் 37 பதிவுகளும் இரண்டாம் வகை. கோல்ட்ஸ்டீன் மனத்தில் வைத்திருந்தது பெரும்பாலும் வன்முறையைத்தான் என்றாலும், தோட்டத்துச் சில்லறைத் திருட்டுக்கும் இந்தப் பிரிவு பொருந்துகிறது. சிகிச்சை எதைத் தொடும், எதைத் தொடாது என்று பார்ப்பதற்கு இதைவிடப் பயனுள்ள அளவுகோல் எனக்குக் கிடைக்கவில்லை.

இரண்டு ஆண்டு மையம்

2013 ஜூலையில் மாஜிஸ்திரேட் உத்தரவின்படி தம்பி மறுவாழ்வு மையத்துக்கு அனுப்பப்பட்டார். 1983ஆம் ஆண்டுச் சட்டம் போதைப்பித்தர் என்று உறுதிப்படுத்தப்பட்டவரை இரண்டு ஆண்டுகள் வரை மையத்தில் வைக்கவும், அதன் பின் இரண்டு ஆண்டுகள் கண்காணிக்கவும் அப்போது வழிசெய்தது. போதைப்பொருளை நாட்டின் முதல் எதிரி என்று அரசு அறிவித்ததும் அதே 1983இல்தான். அந்தப் போர்க்குணம், செரெந்தி என்று அழைக்கப்பட்ட பழைய அரசு மறுவாழ்வு மையங்களின் அணிவகுப்பிலும் விசில் சத்தத்திலும் இருந்தது என்று அங்கு சென்று வந்த முதியவர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். போதைப்பித்தர் என்ற சொல்லையே நம் நாளேடுகள் இன்றும் அச்சிடுகின்றன. பித்து என்று எழுதிய பிறகு மருந்து எதற்கு என்று படிப்பவர் நினைத்தால் அவரைக் குறை சொல்வதற்கில்லை.

மையத்தில் இருந்த காலத்தில் தம்பி எதையும் திருடவில்லை. பூட்டிய இடத்தில் இருப்பவன் எப்படித் திருடுவான்? இந்தக் காலத்தைச் சிகிச்சையின் பலனாகக் கணக்கில் சேர்ப்பது தவறு. 2015 ஜூன் முதல் வாரத்தில் வீடு திரும்பினார். 19ஆம் நாளில் 555 புத்தகத்தில் அடுத்த பதிவு: "தங்கச்சி டியூசன் காசு." அதிலிருந்து 2016 பிப்ரவரி வரை மேலும் 15.

இது தம்பியின் தனிப்பட்ட பலவீனம் என்று உறவினர்கள் சொன்னார்கள். 2012 முதல் 2014 வரை மலேசியாவிலேயே நடத்தப்பட்டு, 2017இல் லேன்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு வேறு விதமாகச் சொல்கிறது. கட்டாய மையங்களிலிருந்து வெளிவந்த 89 பேரையும் ஹெரோயினுக்கு மாற்றாகத் தரப்படும் மெத்தடோன் மருந்துச் சிகிச்சைக்குத் தாமாக விரும்பி வந்த 95 பேரையும் ஒப்பிட்ட அந்த ஆய்வில், மீண்டும் ஓபியாய்டு (ஹெரோயின் வகைப் போதைப்பொருள்) பயன்பாட்டுக்குத் திரும்புவதற்கு ஆன இடைநிலைக் காலம் முதல் குழுவில் 31 நாள், இரண்டாம் குழுவில் 352 நாள். அந்த ஆய்வு குற்றத்தை அளக்கவில்லை, மறுபயன்பாட்டை மட்டுமே அளந்தது. தாமாக வந்தவர்களின் மன உறுதி வேறாக இருந்திருக்கலாம் என்பதும் நியாயமான ஐயம். இருப்பினும் கியான் திரும்பினால் அதன் கடிகாரமும் திரும்பும் என்பதால், தம்பியின் 19 நாளைப் பார்த்தபோது எனக்கு வியப்பு ஏற்படவில்லை.

மருந்து குடித்த ஆண்டுகள்

மலேசியாவில் மெத்தடோன் திட்டம் 2005இல் முன்னோடித் திட்டமாகத் தொடங்கியது. அதற்குக் காரணம் திருட்டு அன்று, அக்காலத்தில் எச்.ஐ.வி. தொற்றுக்கு ஊசிகளைப் பகிர்வதே முதன்மை வழியாக இருந்தது. நோய் பரவலைத் தடுக்கப் பிறந்த திட்டம் என்பதால், அதன் ஏடுகளில் இரத்தச் சோதனையும் சிறுநீர்ச் சோதனையும் இருக்கும். கேஸ் தோம்பு இருக்காது.

2016 மார்ச்சில் தம்பி அரசு கிளினிக்கில் சேர்ந்தார். மெத்தடோனின் வேலை எளிது. அதுவும் ஓபியாய்டுதான், ஆனால் மெதுவாக ஏறி மெதுவாக இறங்குவது; சரியான அளவில் கொடுத்தால் ஒரு வேளை மருந்து ஒரு நாள் முழுக்கக் கியானைத் தள்ளிவைக்கும். மயக்கமும் இருக்காது, நடுக்கமும் இருக்காது. நாள்தோறும் காலையில் மருந்தாளர் கண்ணெதிரில் சிறு பிளாஸ்டிக் கோப்பையில் குடித்துவிட்டு, விழுங்கிவிட்டதைக் காட்டுவதற்கு நாலு வார்த்தை பேசிவிட்டுப் போக வேண்டும். தம்பி ஒவ்வொரு நாளும் "நன்றி சிஸ்டர், நாளைக்குப் பார்ப்போம்" என்றே சொல்வார் என்று அந்தப் பெண் ஒருமுறை என்னிடம் சிரித்துக்கொண்டே கூறினார்.

30 மில்லிகிராமில் தொடங்கினார்கள். அந்த அளவு அவருக்குப் போதவில்லை. முதல் மூன்று மாதங்களில் 555 புத்தகத்தில் 4 பதிவுகள் இருக்கின்றன. 90 மில்லிகிராமுக்கு உயர்த்திய பிறகு, 2016 ஜூலையிலிருந்து 2018 ஆகஸ்ட் வரை ஒரு பொருள்கூடக் காணாமற்போகவில்லை. "இப்ப ஏன்க்கா எழுதறதில்ல?" என்று கேட்டேன். "சார், திருடினா எழுதுவேன். கேட்டு வாங்கினா எதுக்கு எழுதணும்? அவன் இப்ப கேக்குறான்ல" என்றார்.

இங்கேதான் இரண்டு பதிவுகளும் எதிரெதிர்த் திசையில் பிரிகின்றன. இதே 26 மாதங்களில் போலீஸ் பதிவில் தம்பியின் பெயர் இரண்டு முறை வருகிறது. 2017இல் சாலைத் தடுப்பில் நடந்த சிறுநீர்ச் சோதனையில் கஞ்சா தெரிந்தது; 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின் 15(1)(அ) பிரிவின்கீழ் அபராதமும் இரண்டாண்டுக் கண்காணிப்பும் விதிக்கப்பட்டன. அடுத்தது, கண்காணிப்பு அலுவலகத்தில் குறித்த நாளில் ஆஜராகாதது. சிகிச்சைக்கு முன் ஒரு வழக்கு, சிகிச்சையின்போது இரண்டு வழக்கு என்று கைதுப் பதிவு மட்டும் வைத்திருப்பவர், மெத்தடோன் இவரது குற்றத்தை இரு மடங்காக்கிவிட்டது என்று எழுதினால் எண்ணிக்கையில் பிழை இருக்காது. போதைப்பொருளைப் பயன்படுத்துவதே குற்றமாக உள்ள நாட்டில், சிகிச்சையில் உள்ளவர் வழுக்கினால் அது நோயின் பின்னடைவாகவும் சட்டமீறலாகவும் ஒரே நேரத்தில் எண்ணப்படுகிறது. இந்த இரண்டையும் பிரிக்காத எந்தப் புள்ளிவிவரத்தையும் நான் இப்போது நம்புவதில்லை.

வெளிநாட்டு ஆதாரங்களும் இந்தப் பிரிவைக் கொண்டே படிக்கத் தக்கவை. இங்கிலாந்தில் 1995இல் சிகிச்சைக்கு வந்த 1,075 பேரைப் பின்தொடர்ந்த தேசிய ஆய்வில், ஓராண்டுக்குப் பின் திருட்டு போன்ற பொருள் சார்ந்த குற்றங்களின் எண்ணிக்கை தொடக்கத்தில் இருந்ததில் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. ஆனால் அதில் ஒப்பீட்டுக் குழு இல்லை. மனிதர்கள் தங்கள் வாழ்வின் மிக மோசமான கட்டத்தில்தான் சிகிச்சையைத் தேடி வருகிறார்கள். அந்த உச்சத்திலிருந்து அளந்தால் எதுவும் இறங்கியதாகவே தெரியும். ஒப்பீட்டுக் குழு வைத்த சோதனைகளைத் தொகுத்த 2009ஆம் ஆண்டு காக்ரேன் மதிப்பாய்வு, மெத்தடோன் நோயாளிகளைச் சிகிச்சையில் தக்கவைப்பதையும் ஹெரோயின் பயன்பாட்டைக் குறைப்பதையும் உறுதிப்படுத்தியது. குற்றத்தைப் பொறுத்தவரை அதற்குக் கிடைத்தவை மூன்று சோதனைகள் மட்டுமே; ஒப்பீட்டு ஆபத்து 0.39 என்று வந்தாலும் (1க்குக் கீழே என்றால் குறைவு, மேலே என்றால் கூடுதல்), அதன் நம்பக இடைவெளி 0.12 முதல் 1.25 வரை விரிந்தது. அதாவது பெரிய அளவில் குறைந்திருக்கலாம், சற்றே கூடியுமிருக்கலாம். ஆதரவாளர்கள் முதல் எண்ணை மட்டும் மேற்கோள் காட்டுவதும், எதிர்ப்பவர்கள் இடைவெளியை மட்டும் காட்டுவதும் எனக்குப் பழகிப்போன காட்சி.

பெரட்டும் கிளினிக்கும்

2018 ஆகஸ்ட் இறுதியில் தம்பிக்கு நகரிலிருந்து 20 கிலோமீட்டர் தள்ளியுள்ள ஒரு செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டும் வேலை கிடைத்தது. வேலை கிடைத்தால் திருந்திவிடுவான் என்று எல்லாரும் சொல்லிவந்தோம், நானும்தான். பெரட்டு, அதாவது வேலைக்கு முன் தோட்டத்தில் பெயர் கூப்பிடுவது, காலை 6 மணிக்கு. கிளினிக்கில் மருந்து கொடுக்கத் தொடங்குவது 8 மணிக்கு. முதல் வாரம் வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் பொய் சொல்லித் தாமதமாக வந்தார். இரண்டாம் வாரத்தில் மண்டோர், "ஒன்னு நேரத்துக்கு வா, இல்லாட்டி வராதே" என்றார். தொடர்ந்து சில நாள் மருந்து தவறினால் உடலின் தாங்குதிறன் குறைந்துவிடும் என்பதால், பழைய அளவை அப்படியே கொடுக்க முடியாது. குறைத்து மீண்டும் ஏற்ற வேண்டும். குறைத்த அளவு போதாமல் போனது, போதாததால் கிளினிக்குக்கே போகாமல் விட்டார்.

ஆறு வாரத்தில் 555 புத்தகத்தில் 5 பதிவுகள். அதில் ஒன்று, அதே தோட்டத்திலிருந்து பொறுக்கி விற்ற உதிரிப்பழம் இரண்டு மூட்டை. வேலையும் போயிற்று.

அக்டோபர் நடுவில் மீண்டும் கிளினிக்குக்கு அழைத்துச் சென்றோம். மருத்துவர், சிறுநீர்ச் சோதனைகள் சரியாக வந்த பின், வாரத்தில் சில நாளுக்கான மருந்தை வீட்டுக்கு எடுத்துச் செல்ல அனுமதித்தார். பதிவுகள் மீண்டும் நின்றன.

இந்த ஆய்வில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்த ஆறு வாரந்தான். தம்பி திருட்டை நிறுத்தியதற்கு மருந்தைத் தவிர வேறு காரணங்களும் இருந்தன. அவருக்கு வயது முப்பதை நெருங்கியது. அந்த வயதில் பலர் சிகிச்சையே இல்லாமலும் குற்றத்தை விடுகிறார்கள். 2017இல், கேள்வி கேட்காமல் எதையும் எடைக்கு வாங்கிக்கொண்டிருந்த பழைய இரும்புக் கடையொன்று மூடப்பட்டது. பழம்பொருள் வணிகர்கள் உரிமம் பெற்று, வாங்குவதைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று 1946ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது, அதை யாரோ ஒருவர் ஒருநாள் நடைமுறைப்படுத்தினார். இவை இரண்டும் உண்மையான காரணிகள். ஆனால் ஆறு வாரத்துக்கு மட்டும் ஒருவனுடைய வயது பின்னோக்கிப் போவதில்லை. மூடிய கடையும் திறக்கவில்லை, தம்பி அடுத்த ஊருக்குக் கொண்டுபோய் விற்றார். மாறியது மருந்து மட்டுமே. ஒரே ஒருவரின் கதை எதையும் நிரூபிக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எனினும் மருந்து போனபோது திருட்டு வந்ததும், மருந்து வந்தபோது திருட்டு போனதும் இவர் விஷயத்தில் வேறு விளக்கத்துக்கு எளிதில் அடங்கவில்லை.

புத்தகம் வெறுமையாக இருந்த ஆண்டு

2020இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. கார் கழுவும் கடையில் செய்துகொண்டிருந்த வேலை நின்றது. அந்த ஆண்டின் பிற்பகுதியில் தம்பி சியாபுவுக்குப் பழகினார். மெத்தடோனை விடவில்லை, அதோடு சேர்த்து. மெத்தடோன் ஓபியாய்டுக்கு உரிய மருந்து; மெத்தம்பெட்டமைனாகிய சியாபுவின் மீது அதற்கு அதிகாரம் இல்லை. சியாபுவுக்கு மெத்தடோனைப் போன்ற மாற்று மருந்தும் இதுவரை இல்லை. ஓபியாய்டு நோயாளிகளிடம் நடத்திய ஆய்வுகளை எடுத்துச் சியாபுப் பழக்கத்துக்கு அப்படியே பொருத்திப் பேசுவோர், மலேசியாவில் இப்போது பரவலாக இருப்பது எது என்பதைக் கவனிப்பதில்லை.

555 புத்தகத்தில் 2020க்குத் திருட்டு ஒன்றுமில்லை. அதைப் பார்த்து நான் முதலில் மகிழ்ந்தேன். பிறகுதான் கடைசிப் பக்கத்தில், தலைகீழாகத் திருப்பி எழுதப்பட்டிருந்த நான்கு வரிகள் கண்ணில் பட்டன: "அவன் கொடுத்தது 300." "அவன் கொடுத்தது 150." "200." "கொடுத்தது 400?" கடைசி வரியின் கேள்விக்குறி அழுத்தி எழுதப்பட்டு, தாள் கிழிந்திருந்தது. தம்பி மோட்டாரில் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தார். பின்னர் அவரே என்னிடம் சொன்னார்: "சார், திருடல சார். கூலிக்கு ஓட்டினேன்." கோல்ட்ஸ்டீனின் மூன்றாம் வகை. பணம் வீட்டைவிட்டுப் போகவில்லை, வீட்டுக்கு வந்தது. அம்மாவின் கணக்கு அதை எழுத வடிவமைக்கப்படவில்லை. போலீஸ் பதிவிலும் அது இல்லை, ஏனெனில் அவர் பிடிபடவில்லை. 1952ஆம் ஆண்டுச் சட்டத்தில் கடத்தலுக்கு உரிய 39B பிரிவைப் பற்றி நான் அன்று அவரிடம் பேசியது நீண்ட பேச்சு. கொண்டுபோகிறவனுக்கும் விற்கிறவனுக்கும் அந்தப் பிரிவு பெரிய வேறுபாடு பார்ப்பதில்லை. கட்டாய மரண தண்டனை 2023இல் நீக்கப்பட்டபோதிலும் மரண தண்டனை நீதிபதியின் கையில் இன்னும் இருக்கிறது.

அவர் அதை விட்டது மருந்தால் அல்ல. உடன் ஓட்டிய ஒருவன் பிடிபட்டான். அதே வாரத்தில் தங்கையின் நிச்சயதார்த்தப் பேச்சு வந்தது. இவற்றுள் எது காரணம் என்று அவருக்கே தெரியவில்லை. சியாபுவைக் குறைக்க உதவும் என்று ஓரளவு நல்ல ஆதாரமுள்ள முறை, சோதனை சுத்தமாக வரும்போதெல்லாம் சிறு பரிசு கொடுத்து ஊக்கப்படுத்துவது. அது தம்பி செல்லும் கிளினிக்கில் இல்லை. எங்கள் சிறு குழு, சுத்தமான ஒவ்வொரு வாரத்துக்கும் 10 வெள்ளி மளிகைச் சீட்டு என்று தொடங்கிப் பார்த்தது. ஐந்து வாரம் நன்றாகப் போயிற்று, ஆறாம் வாரம் எங்களிடம் பணமில்லை.

2022 முதல் தம்பி ஒரு டயர் கடையில் வேலை செய்கிறார். கடை 9 மணிக்குத் திறக்கிறது, அதனால் கிளினிக் வழியில் ஒரு நிறுத்தமாக அமைந்துவிட்டது. மருந்து 70 மில்லிகிராம். சியாபு முற்றிலும் நின்றது என்று அவரும் சொல்வதில்லை, நானும் எழுதப்போவதில்லை. மீண்டும் தோட்டத்து வேலைக்குப் போகிறவர்களுக்காக வாரத்தில் இரண்டு நாளாவது காலை 5 மணிக்கு மருந்து கொடுக்க முடியுமா என்று கேட்டு, அவருடைய ஆறு வாரக் கணக்கைப் பெயரில்லாமல் இணைத்து, கடந்த ஆண்டு ஒரு கடிதம் கொடுத்திருக்கிறோம். அம்மா 555 புத்தகத்தை என்னிடம் கொடுத்தபோது, பிரதி எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடும்படி கேட்டுக்கொண்டார். இன்னும் நிறைய பக்கம் காலியாக இருக்கிறதாம்.